ஒரு மஞ்சளுக்கு நாலு பெயர்

அப்பாவின் கண் மஞ்சளாக இருப்பதை வீட்டில் முதலில் கவனித்தது நான்தான். எண்பதுகளின் தொடக்கம், மழைக்காலம். நான் பத்தாம் வகுப்பு. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவது அப்பாவின் வேலை. பெயர் வேறானால் சரக்கும் வேறு என்பது கிடங்கின் சட்டம். ஒவ்வொரு பெயருக்கும் தனிக் குவியல், தனிச் சீட்டு. விடுமுறையில் நானும் போய் எழுதுவேன். என் கையெழுத்தைப் பார்த்து எல்லாரும் மெச்சுவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் அம்மா, "காமாலைதான்" என்றாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கினாள். உப்பு, புளி கிடையாது. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு மலையாளத்துச் சேச்சி எட்டிப் பார்த்தாள். "இது மஞ்ஞப்பித்தம். எண்ணயும் எரிவும் வேண்டா. பாலும் மோரும் வேண்டா கேட்டோ" என்றாள். எண்ணெயும் காரமும்கூட ஆகாதாம். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

மாடியில் குடியிருந்த குஜராத்திக்காரம்மா வறுத்த கடலையும் வெல்லமும் கரும்புச்சாறும் கொண்டுவந்தார். "கம்ளோ, கம்ளோ" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். சோறும் கஞ்சியும் மட்டும் கொடுக்கவே கூடாதாம். மறுநாள் டாக்டர் சீட்டில் ஹெபடைட்டிஸ் என்று எழுதினார். பச்சிலை ஆகாது, கடையில் வாங்கும் சாறு ஆகாது, கடலை, வெல்லம் எதுவும் ஆகாது, குளுக்கோஸ் கொடுங்கள் என்றார். மற்றதை அவர் சொல்வதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

"ஒரே ஆளுக்கு நாலு வியாதியா? போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு!" என்று அம்மா அழுதாள். எனக்கும் தலை சுற்றியது. ஆனால் குழப்பம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது கிடங்கில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா? ஒரு தாளை எடுத்தேன். காமாலை, மஞ்ஞப்பித்தம், கம்ளோ, ஹெபடைட்டிஸ் என்று நாலு தலைப்பு. ஒவ்வொன்றின் கீழும் ஆகாதவை. கோடு போட்டு, பசை தடவி, சமையலறைக் கதவில் ஒட்டினேன். எந்தக் கட்டத்தில் எது இருந்தாலும் அது அப்பாவின் வாய்க்குப் போகக் கூடாது.

கணக்குப் பார்த்தால் மிஞ்சியது வெந்நீரும் குளுக்கோசும்தான். அம்மா கஞ்சி வைப்பாள், தாளைப் பார்ப்பாள், கஞ்சியை இறக்கி வைப்பாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அவள், என்னைக் கூப்பிட்டுக் காட்டிக் காட்டிக் கேட்பாள். நான் கூடாது என்று தலையாட்டுவேன். சேச்சி வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை வந்தால் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். நோய் முற்றுகிறது என்று நான் நினைத்தேன்.

நாலாம் நாள் காலை, குளியலறை வாசலில் அப்பா சுருண்டு விழுந்தார். சேச்சியின் கணவர் ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தார். நாடியைப் பிடித்தபடி "எந்தா கழிச்சது?" என்று, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார் டாக்டர். அம்மா கதவைக் காட்டினாள். அவர் எழுந்து போய்த் தாளை முழுக்கப் படித்தார்.

"ஆரா இது எழுதியது?"

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இது நாலும் ஒரே அசுகமாணு, குட்டி. விசந்நிட்டா இயாளு வீணது" என்றார். நாலும் ஒரே நோய்தானாம், பசியில்தான் விழுந்திருக்கிறாராம்.

இந்தப் பெயர்களை அகராதிகளில் தேடுவது பின்னாளில் எனக்கு ஒரு கிறுக்காகவே ஆகிவிட்டது. கம்ளோவும் காமாலையும் ஒரே வடசொல்லின் பிள்ளைகளாம். ஜாண்டிஸ் என்பதும் மஞ்சள்தானாம். கிரேக்கர்கள் வைத்த பெயரில் ஒரு மஞ்சள் பறவை இருக்கிறது. நோயாளி அதைப் பார்த்தால் நோயாளிக்குக் குணமாகும், பறவை செத்துப்போகும் என்று நம்பினார்களாம். காமாலை என்றால் ஆசையை அழிப்பது, அதாவது சாப்பாட்டு ஆசையை, என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. அது சரியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அப்பாவின் ஆசையை அழித்தது நோயா, என் தாளா என்பதிலும் தெளிவில்லை.

அன்று அம்மா உப்புப் போட்டுக் கஞ்சி கொடுத்தாள். கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார் அப்பா. நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

"பஜார்ல நாலு பாஷைக்காரங்களோடயும் பேசுறவர் நீங்க. நாலும் ஒண்ணுன்னு உங்களுக்குத் தெரியலையாப்பா?"

"சம்சயம் இருந்துச்சு மோளே" என்றார். "பின்னே, நீ எழுதி ஒட்டிட்டியே. சீட்டு தப்பா இருக்காதுன்னு கிடந்துட்டேன்."