மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் காற்று

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று தேடியவர்களுக்கு... காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஒரு நல்ல பாம்பு!

வடகரை வயலில் மடை திறக்கப் போன என் தங்கை புருஷனை அது கடித்துவிட்டது. தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் இமை சொருகி, மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் விஷமுறிவு ஊசி போட்டார். தொண்டைக்குள் குழாயைச் செருகி, முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டினார்.

"விஷம் இறங்குத வரைக்கும் இவருக்கு மூச்சு நாமதான். மாத்தி மாத்தி அமுக்குங்க. மெதுவா..."

"இதுக்கு மெஷின் கிடையாதா டாக்டர்?"

"மெட்ராஸ்ல இருக்கும். போய் எடுத்துட்டு வருதீரா?"

காற்று வாங்க ஊர் ஊராய் ஜனம் குற்றாலத்துக்கு வருகிற சாரல் சீசன். நாங்களோ ஒரு மனுஷனுக்கு அதைக் கையால் ஊட்டிக்கொண்டிருந்தோம். நான் அமுக்கினேன். தங்கை அமுக்கினாள். பிறகு எங்கம்மா உட்கார்ந்தாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால் 'போதும்' என்ற சொல் யார் காதிலும் விழாது. இலையைக் கையால் மறைத்தால் கைமேலேயே சோறு விழும். அப்பேர்ப்பட்ட மாமியாரிடம் மாப்பிள்ளையின் மூச்சைக் கொடுத்தால்?

"எம்மா, மெதுவா!"

"சும்மா கெடலே! காலையிலேருந்து பட்டினி கெடக்காவ. காத்தையாவது நெறைய குடுக்கண்டாமா?"

இரண்டு கையாலும் பிழிந்தாள். கொஞ்ச நேரத்தில் வலப்பக்க நெஞ்சு புடைத்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்தது. தங்கை அலறினாள். நான் வராந்தாவுக்கு ஓடி டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் ஓடிவந்து நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். விலாவுக்கு நடுவே தடித்த ஊசி ஒன்றைக் குத்தினார். புஸ்ஸ்ஸ்... நுரையீரல் கிழிந்து, வெளியே கசிந்து அடைத்திருந்த காற்று அது! அங்கேயே ஒரு குழாயை வைத்து, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டார். உதட்டில் நிறம் திரும்பியது.

"பாம்பாவது ஒரு தடவைதான் கடிச்சிது, ஆச்சி..." என்றார் டாக்டர். அதற்குப் பிறகு பையை நர்ஸைத் தவிர யாரும் தொடவில்லை.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன். கேலி எழுதுகிறவன் அழக்கூடாதா, என்ன?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமே நஞ்சாம். காற்று எம்மாத்திரம்?

பிழைத்து எழுந்து வந்த மாப்பிள்ளைக்கு நேற்று எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா ஒரே ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். அவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அத்தை... இன்னும் கொஞ்சம்..."

அம்மா கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம், மாப்ளே!"