மேனேஜரின் ஷூ

அம்மா ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைத்தாள். மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். தூசியெல்லாம் மகளின் தலையில் கொட்டியது.

"புதன்கிழமை அவன் கதையை முடிக்கிறேன் பாரு."

"முதல்ல விசிறியை முடி."

அவன் என்றால் மேனேஜர். இதயத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்களைச் செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி. அம்மா அங்கே, ஒரு தூசிகூட நுழையக் கூடாத கிளீன் ரூமில் மேற்பார்வையாளராக இருந்தவள். அந்த அறையின் வாசலில் குறுக்கே ஒரு பெஞ்சு கிடக்கும். வெளியே போட்ட ஷூவை இந்தப் பக்கம் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, உள்ளே போடும் ஷூவை மாட்டிக்கொள்ள வேண்டும். போன வருடம் விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டும் மிதப்பில் மேனேஜர் தெரு ஷூவோடு உள்ளே போய்விட்டார். அம்மா வேலையை நிறுத்தினாள். அன்றைய குழாய்களைக் குப்பையில் போடச் சொன்னாள். அவை பெட்டியில் ஏறி விற்பனைக்குப் போயின. அம்மாவை அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

"இந்த விஷயம் வெளிய போச்சுன்னா வெளிநாட்டுக்காரன் பணத்தைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிடுவான். எல்லார் வயித்துலயும் அடிச்ச பாவம் உங்களுக்கு" என்றார் மேனேஜர், எல்லார் காதிலும் விழும்படி. அதற்கப்புறம் கேன்டீனில் அம்மாவின் மேஜைக்கு யாரும் வரவில்லை.

இப்போது தலைமையகத்து ஆட்கள் வந்திருந்தார்கள். இரண்டாவது ஆலையை இங்கே கட்டலாமா, வேறு நாட்டிலா என்று பார்க்க. ஊழியர்கள் தாங்கள் தங்கியிருக்கும் ஓட்டலுக்கே வந்து தனியாகப் பேசலாம் என்றார்கள். அம்மாவுக்குப் புதன்கிழமை.

"நிஜமாவே கிளம்பிட்டாங்கன்னா?" என்றாள் மகள். அவள் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர்.

"மூடி மறைச்சு, நாளைக்கு ஒருத்தர் நெஞ்சுல கோளாறாச்சுன்னா கிளம்புவாங்க. தப்பைச் சொல்ல இங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சா எதுக்குப் போறாங்க?" அம்மா துணியைப் பிழிந்தாள். "அதெல்லாம் நாட்டுக்கு. எனக்கு, நான் சொல்றப்ப அவன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும்."

திங்கட்கிழமை காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை.

மேனேஜர் மாலையோடு துக்கம் கேட்க வந்தார். "தங்கமான மனுஷி. புதன்கிழமை எங்கயோ போறதா இருந்தாங்களாமே?"

"தெரியலையே சார்."

அவர் நிம்மதியாக டீ குடித்தார். குடிக்கட்டும் என்று மகள் இன்னொரு கப் ஊற்றினாள்.

புதன்கிழமை ஓட்டல் அறையில் மொழிபெயர்க்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க வரலையா?"

"அம்மா இறந்துட்டாங்க. சொல்ல வேண்டியதை நான் சொல்றேன்."

"உட்காருங்க. எப்ப நடந்தது?"

மகள் உட்காரவில்லை.

"முதல்ல மேனேஜரைக் கூப்பிடுங்க. வந்து எதிர்ல உட்காரட்டும்."