நீலம்தான் அம்மா

பத்தாம் தரத்துக்கு இன்று உயிர்க்கலங்களில் உள்ள மூலக்கூறுகள் பற்றிய பாடம். குளுக்கோசைச் சோதிக்க மதுசார விளக்கை ஏற்றினேன். அந்த வாடையில் அப்பா நினைவில் வந்துவிட்டார்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அவருடைய சிறுநீரை வீட்டிலேயே சோதித்தது அப்போது பதினொரு வயதான நான்தான். பெனடிக்ற் கரைசலில் எட்டுத் துளி விட்டு, இதே போன்ற விளக்கில் சூடாக்குவேன். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. அன்றைக்கு அம்மா அவருக்குத் தயிரும் சீனியும் கொடுப்பார்.

ஒருநாள் குழாய் செங்கட்டிச் சிவப்பாக மாறியது. அப்பா, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

“அம்மாட்ட நீலம் எண்டு சொல்லு புள்ள. தயிர் தின்ன ஆசையாக் கிடக்கு.”

குழாயை வாழையடியில் ஊற்றிவிட்டு, “நீலம்தான் அம்மா” என்றேன். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

வயல்வட்டையில் முள்ளுக் குத்திய அப்பாவின் கால் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் காலை வெட்டி எடுத்தார்கள். அடுத்த மாரியில் அப்பாவும் போய்விட்டார்.

அம்மா இன்றும் கேட்பார்: “எல்லா நாளும் நீலம்தானே புள்ள? மறுகா ஏன் அந்தப் புண் ஆறல்ல?”

“டீச்சர், சிவப்பு வந்திட்டு!” ஒரு மாணவி சந்தோசமாகக் குழாயை உயர்த்தினாள்.

“ஓம், சிவப்புத்தான்” என்றேன். அம்மாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை.