கடைசி நாலு விரற்கடை

என் மனைவி ரசியா பேகத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால் முதலில் புகார்தான் வரும். கந்தர்வக்கோட்டைக் கடைவீதியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஷட்டர். பாதி என் சைக்கிள் கடை, பாதி அவள் வளையல் கடை. பாதி என்பது பேச்சுக்குத்தான். அவள் பாதி வருடத்துக்கு ஒரு சாண் என் பக்கம் நகர்ந்து நகர்ந்து, இப்போது என் கம்ப்ரசர் வெயிலில் நிற்கிறது. கேட்டால், "கண்ணாடிச் சாமான் வெளிய நிக்குமா? ஒங்க இரும்பு நிக்கும்" என்பாள்.

அவள் கோட்டைப்பட்டினத்துக்காரி. அவளுடைய அம்மா வீடு வீடாகப் போய் வளையல் போட்டவர். பத்து வயதிலேயே இவளும் கல்யாணப் பெண்களின் கையைப் பிடித்திருக்கிறாள். எவ்வளவு இறுக்கமான வளையலும் அவள் கையில் உடையாது. கை தடித்த பெண்கள்கூட, "இன்னும் ஒரு சைஸ் சின்னதாப் போடுங்கக்கா" என்று வீம்பாகக் கேட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். வளைகாப்பு வீடுகளுக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவதற்குப் பெயர் வியாபாரமா என்று கேலி செய்வேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கடையைத் திறந்தேன். ஆதனக்கோட்டையிலிருந்து தேவிப்ரியா என்ற பெண் பந்தயச் சைக்கிளின் முன் சக்கரத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். அம்மா முந்திரி வறுத்து விற்கிறவர்.

"பாய், நாளைக்குக் காலைல தஞ்சாவூர்ல செலக்சன். பழைய டயர் வெடிச்சிருச்சு. புதுசு வாங்கிட்டேன், ஆனா ரிம்முல ஏற மாட்டேங்குது."

கட்டைவிரல் இரண்டையும் காட்டினாள். கொப்புளம். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம். அவள் வயதுக்கு இதுதான் கடைசி வருடமாம்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? உக்காரு. டீ குடிக்கிறதுக்குள்ள முடிச்சிரலாம்" என்றேன். அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

டயர் என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. ஒரு விளிம்பு ஏறியது. உள்ளே ட்யூபை வைத்து இரண்டாவது விளிம்பை ஏற்றிக்கொண்டு வந்தேன். சுற்றி வந்து கடைசி நாலு விரற்கடையில் நின்றுவிட்டது. ஊர் சைக்கிளுக்கு முப்பது வருடமாக எனக்குத் தெரிந்தது ஒரே வழி: வராவிட்டால் கம்பியைக் கொடுத்து நெம்பு. நெம்பினேன். டயர் ஏறியது. காற்று அடித்தால் உஸ்ஸென்று போகிறது. கழற்றிப் பார்த்தேன். கம்பி ட்யூபை ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது. ஒட்டுப் போட முடியாத கிழிசல்.

தேவிப்ரியா கோபப்படவில்லை. பையிலிருந்து இன்னொரு ட்யூபை எடுத்தாள். "இதான் கடைசி பாய். இந்த சைஸு இங்கிட்டு எங்கயும் கெடைக்காது. இதுவும் போனா நாளைக்கு நான் போக முடியாது."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? மறுபடியும் ஏற்றினேன். மறுபடியும் அதே நாலு விரற்கடை. முழங்காலால் அழுத்தினேன், உள்ளங்கையால் தள்ளினேன். கடைசியில் கை தானாகக் கம்பிக்குப் போனது.

"அந்தக் கம்பிய வைங்க" என்றாள் ரசியா, பக்கத்திலிருந்து.

"ஒன் சோலியப் பாரு."

"ஆனை போயிருச்சு, வாலு போகலையாக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். கிரீஸைப் பற்றிக் கவலைப்படாமல் சக்கரத்தை மடியில் வாங்கிக்கொண்டாள். "வளையல் கட்டைவெரல் மூட்டுல நிக்கும். நிக்கிற எடத்துல அழுத்துனா ஒடைஞ்சிரும். கைய உள்ள மடக்கி எடம் குடுத்தா எறங்கும். நீங்க சிக்குன எடத்துலயே மல்லுக்கட்டுறீங்க."

"இது ரிம்மு. கையா, மடக்குறதுக்கு?"

"நடுவுல பள்ளம் இருக்குல்ல? அது சும்மாவா இருக்கு?"

இருந்தது. முப்பது வருடமாகத் தினமும் பார்க்கிற பள்ளம். அது எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை.

வளையலுக்கு வைத்திருந்த சோப்பு நுரையை விளிம்பில் தடவினாள். சிக்கிய இடத்துக்கு நேர் எதிரே தொடங்கி, டயரின் இரண்டு விளிம்பையும் கிள்ளிப் பள்ளத்துக்குள் இறக்கினாள். அங்கே கிடைத்த தளர்வை இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு பக்கமும் நீவி நீவி மேலே கொண்டுவந்தாள். நாலு விரற்கடை மூன்றானது. மூன்று இரண்டானது. அதற்கு மேல் நகரவில்லை. தேவிப்ரியா எங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா நிக்காம அங்கிட்டுப் பிடிங்க. பள்ளத்தை விட்டு வெளிய வர விட்றாதீங்க" என்றாள் ரசியா என்னிடம். பிடித்தேன். அவள் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து ஒரு உருட்டு உருட்டினாள். டப்பென்று உள்ளே போய் உட்கார்ந்தது. கம்பி படவே இல்லை.

ட்யூப் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று சுற்றிலும் நான் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த வேலை. காற்று அடித்தேன். தேவிப்ரியா டயரில் காதை வைத்துக் கேட்டாள். சத்தம் எதுவும் இல்லை. ரசியாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் ரசியாவின் போன் அடித்தது. பேசி முடித்தவள் ஒரு அம்மாவுக்கு வளையல் எடுத்துக் காட்டத் தொடங்கினாள். நான் எவ்வளவு நேரம்தான் ஒரே செயினுக்கு எண்ணெய் போடுவது?

"என்னாச்சுன்னு சொல்லித் தொலையேன்."

"எடுத்துட்டாங்களாம். டயரு கல்லு மாதிரி நின்னுச்சாம்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வண்டி மறுபடி கெட்டுப்போனால்தான் என்னிடம் ஆள் வரும். நன்றாக ஓடியது என்று சொல்வதற்காக இதுவரை யாரும் போன் செய்ததில்லை.

"நீதான் மாட்டுன" என்றேன் மெதுவாக.

"என்ன? காதுல விழல" என்றாள் ரசியா, வளையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடையில் நாலு பெண்கள் இருந்தார்கள். சத்தமாகவே சொன்னேன்.