சொம்பு வைத்த டிரம்பெட்

அன்று அந்தச் சொம்பைப் பிடுங்கியவன் நான்தான்.

திருப்பூரில் எங்கள் பேண்டு செட்டுக்கு நான் தலைவன். பழனியப்பன் பனியன் கம்பெனியில் மெஷின் ஓட்டுவார். முகூர்த்த நாட்களில் எங்களோடு டிரம்பெட் வாசிப்பார். ரேடியோவில் யாரோ ஒரு வெளிநாட்டு ஜாஸ்காரர் டிரம்பெட்டின் வாயை மூடித் திறந்து வாசித்ததைக் கேட்டுவிட்டு, அனுப்பர்பாளையத்துப் பித்தளைச் சொம்பை வைத்து அவரும் பழகினார். டிரம்பெட் மனிதக் குரலில் விம்மும். ஊரே நின்று கேட்கும்.

ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா என்னிடம், "நல்ல காரியத்துல அழுவற சத்தம் எதுக்குங்க?" என்றார். எல்லோர் முன்னாலும் சொம்பைப் பிடுங்கினேன். பழனியப்பன் வெறும் டிரம்பெட்டோடு ஊர்வலத்தை வாசித்து முடித்தார். அப்புறம் அவர் சொம்பைக் கொண்டுவரவே இல்லை.

சில வருஷங்களில் பஞ்சுத் தூசி அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. பார்க்கப் போனேன்.

"எனக்கு மூச்சு பத்தறதில்லீங்க. சொம்பு வெச்சு நீங்க ஒருக்கா வாசிங்க, கேக்கோணும்" என்றார்.

வாசித்தேன். விம்மல் வரவில்லை, வெறும் ஊதல்தான் வந்தது. சொல்லிக்கொடுக்கக் கையைத் தூக்கினார், இருமல் விடவில்லை. கை கட்டிலில் விழுந்தது. பத்து வருஷம் பக்கத்தில் நின்றும் நான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

அவர் இறந்த பிறகு, குன்னத்தூர்த் தேர்த் திருவிழாவில் வேறொரு செட்டுக்காரர் சொம்பு வைத்து வாசித்தார். அதே விம்மல். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன்.

"சாமளாபுரத்துல ஒருத்தர் வாசிச்சதைப் பாத்துப் பழகினேனுங்க. மொதல்ல ஆரு ஆரம்பிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

பெயர் நாக்கு வரை வந்தது. சொன்னால், அவர் ஏன் அதை விட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

"தெரியலீங்க" என்றேன்.

இரண்டாம் முறை பிடுங்கியவனும் நான்தான்.