நாகர்கோவிலில் கேட்காத இனயத்துப் பேச்சு

2013. வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு நாகர்கோவில் சந்திப்பில் இறங்கினேன். நானே இயக்கி, நானே தயாரித்த முதல் படம் அன்று வெளியாகிறது. சென்னையிலும் வெளியாகிறதுதான். ஆனால் படத்தை எடுத்தது இனயம் என்ற மீனவ ஊரில். நடித்தவர்கள் அந்தக் கடற்கரைக்காரர்கள். முதல் காட்சியை அவர்களோடு பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன்.

தியேட்டர் இருந்த வடசேரிக்கு ஆட்டோ எண்பது ரூபாய். வழியெல்லாம் ஒரு பெரிய நடிகரின் படச் சுவரொட்டிகள். ஓட்டுநரிடம் என் படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"இனயத்துல எடுத்ததா? அப்ப நம்ம பேச்சுல்லா வரும்" என்றார்.

"அதேதான்" என்றேன். அந்தப் பேச்சுக்காகவே டப்பிங்கைத் தவிர்த்து, கடற்கரையிலேயே, காற்றின் இரைச்சலோடு குரல்களைப் பதிவு செய்திருந்தோம்.

பதினோரு மணிக் காட்சிக்கு இனயத்திலிருந்து ஒரு வேனில் பதினாறு பேர் வந்திறங்கினார்கள். முன்னால் ஸ்டெல்லா. மீன் விற்பவர், படத்தின் நாயகி. வெள்ளைச் சேலை, தலையில் பிச்சிப்பூ. கோவில் திருவிழாவுக்கு வந்ததுபோல் இருந்தார்.

படம் தொடங்கியது. திரையில் ஸ்டெல்லா கடலைப் பார்த்து நிற்கிறார், மகன் ஓடி வருகிறான். "ஏலே மக்கா, ஒனக்க அப்பன் எங்கலே?" என்று அவர் கேட்க வேண்டும். "கண்ணா, உங்க அப்பா எங்கேடா?" என்று கேட்டது ஒரு குரல். நெடுந்தொடர்களில் கேட்கிற, பயிற்சி பெற்ற சென்னைக் குரல்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினார். "இது எனக்க சத்தம் இல்லியே சாரே."

அடுத்த காட்சியிலும் அப்படியே. எல்லோருடைய குரலையும் மாற்றியிருந்தார்கள். காற்றையும் துடைத்துவிட்டு வயலின் வைத்திருந்தார்கள். நான் வெளியே ஓடினேன். மேலாளர், "எங்களுக்கு வந்தத ஓட்டுதோம் சார்" என்றார். அவர் மேல் தப்பில்லை. சென்னைக்கு, விநியோகஸ்தருக்குப் போன் செய்தேன்.

"அந்தப் பேச்சு யாருக்குங்க புரியும்? ஒப்பந்தத்தைப் படிங்க. தேவையான மாற்றம் செய்யலாம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நாகர்கோவில்காரனுக்குமா புரியாது?"

"எல்லா ஊருக்கும் ஒரே காப்பிதான்."

இடைவேளையில் பதினாறு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஸ்டெல்லா கேட்டார்: "நீங்க சம்மதிச்சியளா?"

"கையெழுத்துப் போட்டேன். சரியாப் படிக்கல."

"பதினோரு நாளு வெயில்ல நிறுத்தி, நீங்க பறயது மாதிரியே பறயுங்கன்னு சொன்னிய. இப்ப வேற ஒருத்தி எனக்க வாயில பறயுதா." அவர் குரல் உயரவே இல்லை. எனக்குப் பாதிக் கோபம் விநியோகஸ்தர் மேல், மீதி என் மேல்.

வேனிலேயே இனயம் போனேன். கருங்கல் வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். என் மடிக்கணினியில் மூலப் பிரதி இருந்தது. அதைத் திரையிட எனக்கு உரிமை இல்லை என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. சொல்லட்டும். பங்குத்தந்தை மறைக்கல்வி மண்டபத்தைத் திறந்துவிட்டார். ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடி, மண்டபத்துப் புரொஜெக்டரில் மூன்று மணிக்குப் போட்டோம். தங்கள் பேச்சைக் கேட்டுச் சனம் சிரித்தது, அழுதது, பக்கத்து ஆளைத் தட்டியது.

முடிந்ததும் ஸ்டெல்லா, "கடேசியில கொஞ்சம் வேகமாப் பறஞ்சிட்டேன்" என்றார். பிறகு, "எங்க சத்தம் எங்களுக்குத் தெரியும் சாரே. மத்த ஊருக்காரங்கல்லா கேக்கணும்?" என்றார்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், வடசேரியில் ஒரு கணினி மையத்திலிருந்து விநியோகஸ்தருக்கு எழுதினேன்: மூலக் குரல்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இயக்குநர் என்று என் பெயர் வரக் கூடாது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பெயரை எடுத்துவிடுகிறாராம்.

ஞாயிறு மாலை, சென்னையில் என் வீட்டருகே உள்ள தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன். ஒன்பது பேர் இருந்தோம். என் பெயர் இல்லாமலே படம் தொடங்கி முடிந்தது. பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"வசனமெல்லாம் புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது சார்" என்றார் அவர். "எந்த ஊர்ல நடக்குதுன்னுதான் தெரியல."