மந்திரித்து மாட்டிய படம்

சென்னையில் வயலின் படிக்கும் என் மகள், போன ஜூலையில் ஒரு படத்தை வாட்ஸப்பில் அனுப்பினாள். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. மஞ்சள் உடுப்பு போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வீணை போன்ற ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பின்னால் இருட்டு. கண்கள் மேலே. இசைக்காரர்களுக்குப் பாதுகாவலியான புனிதை என்று நினைத்துக்கொண்டு, கும்பிடும் கை ஒன்றைப் பதிலாகப் போட்டேன். ராஜபாளையத்தில் பிரின்ட் எடுத்துச் சட்டம் போட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் மந்திரித்து வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படத்தின் பக்கத்தில் மாட்டினேன். கூட்ட நெரிசலில் சாமியாரும் சரியாகப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் போன் அணைந்துபோனது. விடுதியில் இல்லை, தோழிகளுக்கும் தெரியவில்லை. ராணுவத்தில் இருக்கும் அவள் அப்பா அங்கிருந்து போன் மேல் போன். இரண்டு நாளும் நான் அந்தப் படத்தின் முன்னால் முழங்காலில் கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் வயலின் பெட்டியோடு அவளே வாசலில் வந்து நின்றாள்.

சாப்பிட்டாள், தூங்கினாள். சாயங்காலம்தான் சுவரைப் பார்த்தாள்.

"எம்மா, இவள ஏன் இங்க மாட்டியிருக்க?"

"ஏட்டி, புனிதைய அப்படிச் சொல்லாத. அவியதான் உன்னையக் கொண்டுவந்து சேத்தாக."

சிரித்துவிட்டாள். "நல்லா கும்பிட்ட போ! இது ஐரோப்பாவுல நானூறு வருசத்துக்கு முந்தி, பரோக் காலத்துப் படம். இவ யாரோ ஒரு பொம்பள. சுதி சேக்குதா, அம்புட்டுதான்."

"பொறவு ஏன் மேல பாக்கா?"

"பாக்கல. காது எங்க இருக்குன்னு பாரு."

காது கம்பிகளை ஒட்டிச் சாய்ந்திருந்தது. கண் எதையும் பார்க்கவில்லை. கேட்பதற்கு அந்தப் படத்தில் வேறு யாருமில்லை. அதுவரை இதெல்லாம் எனக்குத் தெரியவே இல்லை.

"விடுதியில நானும் இப்படித்தான் கெடந்தேன். சொல்லத் தெரியல, படத்த அனுப்புனேன். நீ கும்பிடுற கை போட்ட."

அந்த இரண்டு நாள் எங்கே இருந்தாள் என்று கேட்டேன். பொறவு சொல்லுதேன் என்றாள். ஒரு மாதம் இருந்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டாள், சொல்லவில்லை. மந்திரித்த படத்தைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

நேற்று மத்தியானம் ஒரு படம் வந்தது. பாதி தின்ற தோசை. உடனே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தாள்.

"எம்மா, தோசை நல்லாருந்துச்சு, போட்டேன். கிளாஸுக்குப் போறேன், வை."

வைத்துவிட்டேன். பிறகு அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி, தட்டுக்கு எதிரே இன்னொரு தம்ளராவது தெரிகிறதா என்று ஓரம் ஓரமாகத் தேடினேன்.